டைரியைத் திறந்து வைக்கலாமா? பெகுவிலிருந்து கேட்ட தம்பிக்கு

பர்மாவில் பெகுவிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறான். மூன்று வருஷமாக டைரி எழுதுகிறான், மூன்று நோட்டு நிரம்பிவிட்டது. அதைப் படித்துப் பார்த்த ஒரே கூட்டாளி, "இதையெல்லாம் பேஸ்புக்கில் போடுடா, நாலு பேருக்கு உதவும்" என்கிறானாம். போடலாமா, போட்டால் என்ன கிடைக்கும், என்ன போகும், நோட்டை நிறுத்திவிட்டு நேராக அங்கேயே தினமும் எழுதினால் என்ன என்பது கேள்வி. டைரியில் பாதிக்கு மேல் அம்மாதான் வருகிறார், அம்மாவுக்கு எழுதப் படிக்க வராது என்றும், நோட்டுக்குப் பூட்டு வேண்டுமா என்றும் ஓரமாக ஒரு வரி சேர்த்திருந்தான்.

தம்பி, பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நோட்டை நிறுத்தாதே. நோட்டை அப்படியே தூக்கி வெளியே போடவும் போடாதே. வெளியே எழுத ஆசையிருந்தால் எழுது, ஆனால் அது வேறு வேலை, வேறு நாளில், வேறு தாளில் செய்ய வேண்டியது.

ஏன் என்று என் தொழிலை வைத்துத்தான் சொல்லத் தெரியும். நான் ரங்கூனில் ஒரு உளுந்துக் கடையில் கணக்கு எழுதுகிறவள். இங்கே செட்டியார்கள் தொழில் நடத்திய காலத்திலிருந்து வந்த பழக்கத்தில் எங்கள் தாத்தா இரண்டு புத்தகம் வைத்திருப்பார். ஒன்று சிட்டை. அன்றன்று கைக்கு வந்ததை, போனதை, நடந்த வரிசையில் அப்படியே கிறுக்குவது. அடித்தல் திருத்தல் இருக்கும், டீக்கறை இருக்கும், யாரோ சொல்லிவிட்டுப் போன விலை ஓரத்தில் இருக்கும். இன்னொன்று பேரேடு. சிட்டையிலிருந்து பொறுக்கி, ஆள் ஆளாகப் பிரித்து, நிதானமாக ஏற்றுவது. கேட்கிறவனுக்குக் காட்டுவது பேரேட்டைத்தான். சிட்டையை யாரும் காட்டமாட்டார்கள், ஆனால் சிட்டை இல்லாமல் பேரேடு எழுதுகிறவன் கதை கட்டுகிறான் என்று அர்த்தம். உன் நோட்டு சிட்டை. நீ போடலாமா என்று கேட்பது பேரேடு. உன் கூட்டாளி சிட்டையைக் கடை வாசலில் தொங்கவிடச் சொல்கிறான், அவ்வளவுதான் விஷயம்.

தொங்கவிடுவது என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. ரங்கூனில் மாடி வீடுகளைப் பார்த்திருப்பாய், ஒவ்வொரு பால்கனியிலிருந்தும் தெருவரைக்கும் ஒரு கயிறு, நுனியில் ஒரு கிளிப். பேப்பர்க்காரர் பேப்பரை மாட்டுவார், மேலே இழுத்துக்கொள்வோம். மேலேயிருந்து கீழே எதையாவது இறக்கினால், அது நாலு மாடியையும் தாண்டித்தான் இறங்கும். இரண்டாம் மாடிக்கார அம்மா நம் பையில் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்காமல் விட்டதாக எனக்கு நினைவில்லை.

நான் பட்டதைச் சொல்கிறேன். ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால், அம்மாவின் இரண்டு வடச் சங்கிலியை அண்ணன் விற்றுவிட்டார். எனக்கு அது தெரிந்த அன்று ராத்திரி நோட்டில் எழுதினேன். மறுநாள் அதையே கொஞ்சம் ஒழுங்குபண்ணி பேஸ்புக்கில் போட்டேன். பெயர் போடவில்லை. 'ஒரு தாயின் கழுத்து' என்று ஏதோ தலைப்பு வைத்தேன், இப்போது நினைத்தாலும் கூசுகிறது. இருநூறு பேருக்கு மேல் விருப்பம் போட்டார்கள், அழுதேன் என்றார்கள். மூன்றாம் நாள் கோயிலில் அன்னதான வரிசையில் சாம்பார் வாளியோடு நின்ற ஒரு பெரியம்மா, "உங்க அண்ணனா அப்படிப் பண்ணினது?" என்று கரண்டியை நிறுத்திவிட்டுக் கேட்டார். இங்கே நம் தமிழ் ஜனம் எத்தனை பேர்? தெருவுக்கு நாலு வீடு. பெயர் போடாமல் எழுதினால் யார் என்று தெரியாது என்பது பெரிய ஊர்க்காரர்கள் நம்புகிற விஷயம், நமக்கு அது கிடையாது. அண்ணன் பதினோரு மாதம் என்னோடு பேசவில்லை.

பேசாதது இருக்கட்டும், அது சரியாகிவிட்டது. எனக்கு உண்மையாக உறைத்தது வேறு. ஒரு வருஷம் கழித்து நோட்டை எடுத்து அந்த ராத்திரிப் பக்கத்தைப் படித்தேன். அதில் இரண்டு வரி இருந்தது: "அம்மாவே எடுத்துக் குடுத்திருப்பாங்களோ. போன வருஷம் சின்னவளுக்கு பீஸ் கட்ட நானும்தான் அம்மாகிட்ட வாங்கினேன், அது எங்கேயிருந்து வந்துச்சுன்னு நான் கேக்கலை." இந்த இரண்டு வரியும் பேஸ்புக்கில் போட்டதில் இல்லை. நான் திட்டம் போட்டு மறைக்கவில்லை. ஒழுங்குபண்ணும்போது தானாக விழுந்துவிட்டது. கதை நன்றாக ஓட வேண்டுமென்றால் அண்ணன் கெட்டவராக இருக்க வேண்டும், நான் பார்த்து அழுகிறவளாக இருக்க வேண்டும், நடுவில் இந்த இரண்டு வரி இடைஞ்சல். அப்புறம் கேட்டுப் பார்த்தால் அம்மாவேதான் கொடுத்திருக்கிறார்.

அதிலிருந்து கவனித்துக்கொண்டு வருகிறேன். ஆள் பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும் கை மாறிவிடுகிறது, முதலில் காணாமல் போவது இரண்டு. ஒன்று, நம் பங்குத் தப்பு. இரண்டு, 'தெரியவில்லை', 'இருக்குமோ' என்கிற இழுவை. வெளியே எழுதும்போது எல்லோரும் நிச்சயமாகப் பேசுகிறோம். நோட்டில்தான் ஒரு மனுஷன் திங்கட்கிழமை ஒன்று சொல்லி, வியாழக்கிழமை அதை மறுத்து, ஞாயிற்றுக்கிழமை இரண்டையும் மறந்து கத்தரிக்காய் விலை எழுத முடியும். எனக்கு அந்த சுதந்திரம்தான் டைரி.

ஆன் பிராங்க் என்ற பெண்ணைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பாய். ஆம்ஸ்டர்டாமில் நாஜிகளுக்குப் பயந்து ஒளிந்திருந்தபோது டைரி எழுதியவள். எல்லோரும் ஒரு டைரி என்று நினைக்கிறோம், உண்மையில் அவள் கையாலேயே இரண்டு இருக்கிறது. 1944 மார்ச் 28 அன்று லண்டனிலிருந்து வந்த ரேடியோவில், நாட்டைவிட்டு வெளியே இருந்த டச்சு அரசின் அமைச்சர் ஒருவர், போர் முடிந்ததும் ஜனங்கள் எழுதிய கடிதங்களையும் டைரிகளையும் சேகரிக்க வேண்டும் என்றார். அதைக் கேட்டபின் அவள் உட்கார்ந்து தன் டைரியையே முதலிலிருந்து வேறு தாள்களில் திருப்பி எழுத ஆரம்பித்தாள். சேர்த்தாள், வெட்டினாள், ஆட்களுக்கு வேறு பெயர் யோசித்தாள், காதல் மயக்கத்தில் எழுதிய பலதை விட்டுவிட்டாள். அதே நேரம் பழைய டைரியைத் தூக்கிப்போடவும் இல்லை, அதில் எழுதுவதை நிறுத்தவும் இல்லை. ஆகஸ்ட் 4 அன்று பிடித்துக்கொண்டு போகும்வரை இரண்டும் நடந்துகொண்டிருந்தது. யாரும் சொல்லித்தராமலே பதினான்கு பதினைந்து வயதுப் பெண்ணுக்குச் சிட்டை வேறு பேரேடு வேறு என்று தெரிந்திருக்கிறது.

நம் பக்கத்திலேயே இதைவிடப் பெரிய உதாரணம் உண்டு. புதுச்சேரியில் பிரெஞ்சு கவர்னர் டூப்ளேவுக்குத் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளரும் தரகருமாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736-ல் ஆரம்பித்து 1761-ல் சாகும் வரை, இருபத்தைந்து வருஷம், தமிழில் எழுதினார். கப்பல் வந்தது, துணி விலை, யார் யாருக்கு எவ்வளவு லஞ்சம், சகுனம், ஜோசியம், எல்லாம் கலந்து. டூப்ளேயின் மனைவியைப் பற்றி அவர் எழுதியிருக்கிறதைப் படித்தால் அந்த அம்மாவுக்கு இன்றைக்கும் காது சுடும். கவர்னரிடம் வேலை பார்க்கிறவர் அதைப் பகலில் யாரிடமாவது சொல்லியிருக்க முடியுமா? அந்தக் கட்டு 1846-ல்தான் ஒருவர் கண்ணில் பட்டது. எண்பத்தைந்து வருஷம் யாரும் பார்க்காமல் கிடந்ததால்தான் அதில் அவ்வளவு உண்மை இருக்கிறது என்று நான் சொல்வேன். அவர் ஊருக்கென்று எழுதியிருந்தால் துரைமார் புகழ் பாடும் பிரபந்தம் ஒன்று கிடைத்திருக்கும், நாம் யாரும் அதைத் தொட்டிருக்கமாட்டோம்.

சரி, மனசுக்கு நல்லது என்கிறார்களே, அதைப் பார்ப்போம். அமெரிக்காவில் ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற உளவியல் பேராசிரியர் ஒரு சோதனை செய்து 1986-ல் எழுதினார். கல்லூரிப் பிள்ளைகளை நாலு நாள் தொடர்ந்து, நாளைக்குப் பதினைந்து நிமிஷம், வாழ்க்கையில் பட்ட பெரிய அடியைப் பற்றி எழுதச் சொன்னார். நடந்ததையும் அதனால் மனசு பட்ட பாட்டையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்த மாதங்களில் டாக்டரிடம் போனது குறைந்தது. நடந்ததை மட்டும், அல்லது மனசை மட்டும் எழுதியவர்களுக்கு அந்த அளவு கிடைக்கவில்லை. அதை வைத்து நூற்றுக்கும் மேல் சோதனைகள் வந்தன. 2006-ல் ஜோஆன் ஃப்ராட்டரோலி என்ற ஆய்வாளர் 146 சோதனைகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார். பலன் இருக்கிறது, ஆனால் சின்னது என்றுதான் வந்தது. ஆகவே டைரி எழுதினால் எல்லாம் சரியாகிவிடும் என்று யாராவது வீடியோவில் சொன்னால் சிரித்துவிட்டுப் போ. நீ கவனிக்க வேண்டியது, அந்தப் பிள்ளைகள் யாருக்கும் காட்டுவதற்காக எழுதவில்லை. தாளில் பெயர்கூடக் கிடையாது. எழுத்துப்பிழை பார்க்காதே, நிறுத்தாமல் எழுது என்பதுதான் அங்கே பேச்சு. கைதட்டு கிடைக்கிற இடத்தில் எழுதினாலும் அதே பலன் வரும் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது.

என் அனுபவத்தில் கைதட்டு வேறு ஒன்றைச் செய்கிறது. அந்தச் சங்கிலி விஷயத்தில் இருநூறு பேர் தடவிக்கொடுத்ததும் எனக்குப் பிரச்சினை தீர்ந்த மாதிரி ஒரு நிறைவு. அண்ணனிடம் நேரில் போய்க் கேட்க வேண்டும் என்ற எண்ணமே போய்விட்டது. பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியல் ஆய்வாளரும் கூட்டாளிகளும் 2009-ல் சட்டம் படிக்கிற மாணவர்களை வைத்து இதோடு ஒட்டிய சோதனை ஒன்று செய்திருக்கிறார்கள். 'நான் இன்ன மாதிரி ஆளாகப் போகிறேன், அதற்கு இப்படிப் படிக்கப் போகிறேன்' என்று சொன்னதை இன்னொருவர் கவனித்துக்கொண்டார் என்று தெரிந்தவர்கள், அதற்குப் பிறகு அந்த வேலையில் குறைவாகவே உட்கார்ந்தார்கள். சொன்னதே செய்தது மாதிரி ஆகிவிடுகிறது. எங்கள் கடையில் பழைய கணக்கப்பிள்ளை சொல்வார், வாயில் விற்ற மூட்டை கிடங்கிலேயே இருக்கும் என்று. ஆகவே ஜப்பான் மொழி படிக்கப் போகிறேன், சிகரெட்டை விடப்போகிறேன் என்று நோட்டில் எழுதியிருப்பதை எல்லாம் வெளியே போட்டுக்கொண்டிருக்காதே. முடித்துவிட்டுப் போடு.

இப்போது நம் ஊர் விஷயம். இதுவே நாலு பேர் படிக்கிற பதில், ஆகவே நானும் இங்கே அளந்துதான் எழுதுகிறேன், நீயே புரிந்துகொள். 2014-ல் சிம் கார்டு 1,500 கியாட்டுக்கு வந்தது, அதற்கு முன்னால் அது பணக்காரர் சமாச்சாரம். ஒரே பாய்ச்சலில் எல்லார் கையிலும் போன், போனுக்குள் பேஸ்புக். இன்டர்நெட் என்றால் பேஸ்புக் என்றே நம் வீட்டுப் பெரியவர்கள் நினைத்தார்கள். 2021 பிப்ரவரி 4-லிருந்து அதுவே தடை, வி.பி.என். போட்டுத்தான் போகிறோம். அதே மாதம் தண்டனைச் சட்டத்தில் 505 ஏ என்று ஒரு பிரிவு சேர்ந்தது, பயத்தையோ பொய்ச் செய்தியையோ பரப்பினதாகச் சொல்லி மூன்று வருஷம் வரை உள்ளே வைக்கலாம். வழியில் நிறுத்திப் போனைத் திறக்கச் சொல்கிற காலம். நீ அரசியல் எழுதாதவனாக இருக்கலாம். டைரி என்பது எல்லாவற்றையும் எழுதுகிற இடம். அரிசி விலை எழுதுவாய், பக்கத்து வீட்டுப் பையன் ஏன் ஊரில் இல்லை என்று எழுதுவாய், ராத்திரி என்ன சத்தம் கேட்டது என்று எழுதுவாய். எழுதின அன்று அது சாதாரண வரி. இரண்டு வருஷம் கழித்து யார் எந்தக் கண்ணோடு படிப்பார்கள் என்பது உன் கையில் இல்லை. இதனால்தான் போனில் டைரி ஆப் வைத்துக்கொள்வதையும் நான் இப்போதைக்குச் சொல்லமாட்டேன். தாளில் எழுது, வீட்டில் வை, பையில் போட்டுக்கொண்டு பெகுவுக்கும் ரங்கூனுக்கும் அலையாதே. ஆபத்தான சில விஷயங்கள் நோட்டுக்கும் வேண்டாம், அதற்கு மனசு இருக்கிறது.

அடுத்தது, உன் டைரியில் வருகிற மற்றவர்கள். இதை யாரும் யோசிப்பதில்லை. டைரி உன்னுடையது, அதில் உள்ள அம்மா உன்னுடைய சரக்கு இல்லை. அவர் உன் எதிரில் அழுதது நீ பார்க்கத்தான். அக்கா புருஷனோடு சண்டை போட்டுவிட்டு ராத்திரி வந்து படுத்தது உன் வீடு என்பதால்தான், பெகு முழுக்கப் படிக்கிற இடம் என்பதற்காக இல்லை. அவரவரிடம் கேட்டுவிட்டுப் போடலாம் என்றால், கேட்டதும் பாதிப் பேர் சரி என்பார்கள், உன் முகத்துக்காக. அதுவும் பார்த்து நடக்க வேண்டியது. செத்தவர்களைப் பற்றி எழுதினால் கேட்க ஆளில்லை, அங்கே நம் கை இன்னும் நிதானமாக இருக்க வேண்டும்.

இவ்வளவு சொல்கிறவள் வெளியே எழுதவே கூடாது என்கிறேனா என்றால், இல்லை. அதில் கிடைப்பது நோட்டில் கிடைக்கவே கிடைக்காது.

எங்கள் தாத்தாவின் சிட்டை ஒன்று தப்பி வந்திருக்கிறது, மற்றதெல்லாம் கரையானுக்கு. 1964-ல் கடைகளை அரசு எடுத்துக்கொண்டபோது எழுதினது. கட்டைப் பேனா, நீல மை, ஈரத்தில் விளிம்பு பரவியிருக்கும். கடையை ஒப்படைத்த நாளில் இப்படி இருக்கிறது: "சாவி கொடுத்தாகிவிட்டது. வரவு இல்லை. பற்று, டீ 2." அந்த 2-க்குப் பக்கத்தில் ஒரு புள்ளி, பேனாவை அழுத்தி வைத்துக்கொண்டே இருந்திருக்கிறார், மை பின்பக்கம் வரை ஊறியிருக்கிறது. அந்த மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்றார்கள். அந்த வாரத்துப் பக்கத்தில் "100 தாள் 7, 50 தாள் 3" என்று எழுதி, கீழே கோடு போட்டு, கூட்டவே இல்லை. தாத்தா கூட்டாமல் விட்ட ஒரே பக்கம் அதுதான். தாத்தா அந்த வருஷம் பற்றி வாயைத் திறந்து எங்களிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

இந்த இரண்டு பக்கத்தையும் படம் பிடித்து, மேலே சொன்ன அளவுக்கே விளக்கம் எழுதிப் போட்டேன். அப்பாவிடமும் அத்தையிடமும் கேட்டுவிட்டுத்தான். அதற்கு வந்த பதில்கள்தான் எனக்குப் பெரிய சொத்து. அப்போது கப்பலேறித் தமிழ்நாட்டுக்குப் போய்த் திருச்சிப் பக்கம் குடியேறிய ஒரு பெரியவர், தன் அப்பா நோட்டுகளை மாற்றப் போய் வரிசையில் நின்ற கதையை எழுதினார். இன்னொருவர் எங்கள் கடைத்தெருவின் வரிசையையே சொன்னார், எந்தக் கடைக்குப் பக்கத்தில் எது என்று. அண்ணன் அதைப் படித்துவிட்டு, 1987 செப்டம்பரில் 25, 35, 75 கியாட் தாள்கள் செல்லாமல் போன அன்று அப்பா என்ன செய்தார் என்று எனக்குத் தெரியாத ஒன்றைச் சொன்னார். அப்பா அந்தத் தாள்களை வைத்துத் தங்கச்சிக்குப் பட்டம் செய்து கொடுத்தாராம். தங்கச்சி என்றால் நான். எனக்குப் பட்டம் ஞாபகம் இருக்கிறது, தாள் ஞாபகமில்லை.

நம் ஜனத்தின் கதை எழுத்தில் மிகக் குறைவாக இருக்கிறது. 1942-ல் ஜப்பான்காரன் வந்தபோது அரக்கான் வழியாகவும் அஸ்ஸாம் காட்டு வழியாகவும் லட்சக்கணக்கான பேர் நடந்தே இந்தியாவுக்குப் போனார்கள், பல்லாயிரம் பேர் வழியிலேயே போய்ச் சேர்ந்தார்கள். அந்த நடையைப் பற்றி நம் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கதை உண்டு, தாளில் இருக்கும் வீட்டை விரல் விட்டு எண்ணலாம். அதனால், தம்பி, வெளியே எழுதினால் புகழுக்கு எழுதுகிறான் என்று நினைக்கிற ஆள் நான் இல்லை. உன்னுடைய மூன்று நோட்டிலும் இப்படி ஏதாவது இருக்கும். உன் மனசு உடைந்த பக்கமாக அது இருக்காது என்பது என் ஊகம். நீ சும்மா எழுதி வைத்த பஸ் கட்டணம், கரண்ட் வருகிற நேரம், அம்மா மொஹிங்கா மீன்குழம்புக்கு வாழைத்தண்டு நறுக்கிக்கொண்டே சொன்ன ஒரு பழைய கதை, அங்கே தேடிப் பார்.

வெளியே போட்டது பத்திரமாக இருக்கும், நோட்டுதான் அழியும் என்று உன் கூட்டாளி சொல்வான். அவனிடம் 2019-க்கு முன்னால் பர்மிய எழுத்தில் போட்டதை எல்லாம் எடுத்துக் காட்டச் சொல். அப்போதெல்லாம் ஜாஜீ எழுத்துரு, அப்புறம் யூனிகோடுக்கு நாடே மாறியது. என் பழைய பதிவுகளில் பாதி இப்போது புதுப் போனில் கட்டம் கட்டமாக, எழுத்து முன்னே பின்னே புரண்டு கிடக்கிறது. தாத்தாவின் மை இன்னும் படிக்க வருகிறது. நோட்டுக்கும் எதிரி உண்டு. மே முதல் அக்டோபர் வரை இங்கே பெய்கிற மழையில் சுவரே பூஞ்சை பிடிக்கும், பீரோவின் அடித்தட்டில் வைத்தால் கரையான். தகர டப்பாவில், நன்றாக வறுத்து ஆறவைத்த அரிசியைத் துணியில் முடிந்து உள்ளே போட்டு, மேல் தட்டில் வை. வருஷத்துக்கு ஒருமுறை தை மாத வெயிலில் பிரித்துக் காயவை. ஜெல் பேனா வேண்டாம், பல ஜெல் மை ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் போயிற்று. பால்பாயின்ட் போதும்.

பூட்டு வேண்டுமா என்று கேட்டிருந்தாய். எனக்குப் பூட்டு தமிழ்தான். அறுபதுகளில் பள்ளிகளை அரசு எடுத்துக்கொண்ட பிறகு நம் பிள்ளைகள் தமிழ் எழுத்தைக் கோயில் வகுப்பில் கற்றால்தான் உண்டு. என் இரண்டு மகள்களுக்கும் தமிழ் பேச நன்றாக வரும், படிக்க வராது. நோட்டு மேஜைமேல் திறந்தே கிடக்கும், யாரும் படிக்கப்போவதில்லை. முதலில் இது வசதியாக இருந்தது. இப்போது வயது ஐம்பத்து நாலு, ராத்திரி எழுதும்போது சில நாள் நினைத்துக்கொள்கிறேன், இருபத்தாறு வருஷம் எழுதினதை என் வயிற்றில் பிறந்த இரண்டும் புரட்டிப் பார்த்துவிட்டு வளைவு வளைவாக ஏதோ என்று மூடி வைக்கும். நீ எந்த மொழியில் எழுதுகிறாய் என்று சொல்லவில்லை. பர்மிய மொழியில் என்றால் பூட்டை வேறு இடத்தில் தேடிக்கொள்.

நடுவழி ஒன்று உண்டே, நெருங்கிய பத்துப் பேருக்கு மட்டும் தெரிகிற மாதிரி போட்டால் என்ன என்று கேட்பாய். பத்துப் பேரில் ஒருவன் ஸ்கிரீன்ஷாட் எடுப்பான். அவ்வளவுதான் அதைப் பற்றி.

அப்புறம் உன் மூன்று நோட்டு. இந்த வாரம் எதையும் எங்கேயும் போடாதே. முதல் நோட்டை எடுத்து முதல் பக்கத்திலிருந்து படி, இரண்டு மூன்று நாள் ஆகட்டும். மூன்று வருஷம் முந்தைய நீ இப்போது உனக்கே கொஞ்சம் அந்நிய ஆள், அதனால் கோபம் வராமல் படிக்க முடியும். மூன்றாவது நோட்டைத் தொடவே தொடாதே, அது இன்னும் சூடாக இருக்கும். நான் வைத்திருக்கிற கணக்கு ஒரு வருஷம். ஒரு வருஷம் ஆறாத எதையும் வெளியே எடுப்பதில்லை. படிக்கும்போது பென்சிலால் ஓரத்தில் சின்னதாகக் கோடு போடு, எங்கே உன் முகத்தில் சிரிப்பு வருகிறதோ, எங்கே 'அட, இது இப்போது இல்லையே' என்று தோன்றுகிறதோ, அங்கே. உன்னைப் பற்றி நல்லவிதமாக வருகிற இடத்தில் போடாதே. கோடு போட்டதில் ஒன்றே ஒன்றை எடுத்து, நோட்டை மூடிவிட்டு, வேறு தாளில் முதலிலிருந்து எழுது. எழுதி முடித்ததும் நோட்டைத் திறந்து பார். எது விழுந்துபோயிருக்கிறது என்று பார். உன் தப்பு விழுந்திருந்தால் திரும்ப எடுத்து வை. மற்றவர்களின் தப்பு விழுந்திருந்தால் கிடக்கட்டும்.

அந்தத் தாளை உன் கூட்டாளியிடம் காட்டாதே, அவன் போடு என்றுதான் சொல்வான். அம்மாவுக்குப் படிக்க வராது என்று எழுதியிருந்தாயே, கரண்ட் இல்லாத ஒரு சாயங்காலம் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டு. நடுவில் நிறுத்தி, "அப்படியில்லைடா, அன்னைக்கு நடந்தது வேற" என்று ஆரம்பிப்பார். பேனா கையில் இருக்கட்டும்.